உதவுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? தன்னார்வப் பணிக்கு ஓர் அறிமுகம்

தன்னார்வத் தொண்டில் இறங்குகிற எவருக்கும் சீக்கிரமே ஒரு கேள்வி வந்து சேரும். "இதுல உனக்கு என்ன லாபம்?" வீட்டில் கேட்பார்கள், வேலை செய்யும் இடத்தில் கேட்பார்கள். சிலர் குத்தலாகக் கேட்பார்கள். சிலர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் "ஒரு திருப்திதான்" என்று சொல்லி நழுவிவிடுவார்.

நழுவ வேண்டியதில்லை. கேள்வி நியாயமானது. உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதையே பல விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். "உதவினால் மகிழ்ச்சி வரும்" என்கிற சுவரொட்டி வாசகத்தைவிட அவர்கள் கண்டது சுவாரசியமானது. உதவுகிறவருக்குப் பலன் உண்டு. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. பலனை மட்டுமே குறிவைத்து வருகிறவரிடம் அது அவ்வளவாகத் தங்குவதில்லை. புதிதாகத் தொண்டுக்கு வர நினைப்பவர் இந்த நிபந்தனைகளைத் தெரிந்துகொண்டு வந்தால், எந்த வேலையை எடுப்பது, எதைத் தவிர்ப்பது என்ற குழப்பம் பாதி தீரும்.

எதெல்லாம் தன்னார்வப் பணி

தொண்டு என்றதும் சீருடை, பேனர், வரிசையாக நின்று எடுத்த புகைப்படம் என்று ஒரு காட்சி மனதில் வருகிறது. அது மிகச் சிறிய பகுதி. 2013-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு ஒரு வரையறையை ஏற்றது: கூலி இல்லாமல், கட்டாயம் இல்லாமல், தன் வீட்டையும் குடும்பத்தையும் சேராத பிறருக்காகச் செய்யும் வேலை. நான்கு வாரத்தில் ஒரு மணி நேரம் செய்திருந்தாலே கணக்கில் சேரும்.

இந்த வரையறை ஓர் அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு முதியவரை மாதம் ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவரும் தன்னார்வலர்தான், அவர் தன்னை அப்படி நினைத்துக்கொள்ளாவிட்டாலும். சொந்தத் தாயைப் பராமரிப்பது இதில் சேராது. அது குறைந்த வேலை என்பதால் அல்ல. வேறு கணக்கில் வருவது என்பதால். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: அந்த வரையறை இதை "வேலை" என்றே அழைக்கிறது. பொழுதுபோக்கு, புண்ணியம், கருணை என்ற சொற்கள் அதில் இல்லை. வேலை என்றால் நேரத்துக்கு வர வேண்டும், கற்றுக்கொள்ள வேண்டும், தவறு நடந்தால் பொறுப்பேற்க வேண்டும். பின்னால் வரப்போகும் பல விஷயங்களுக்கு இதுதான் அடிப்படை.

உற்சாகம் மட்டும் போதாது என்று ஒருவர் கண்டது

இத்தாலியின் வடக்கே உள்ள சோல்ஃபெரினோவில் 1859 ஜூன் 24 அன்று ஒரு பெரும் போர் நடந்தது. பிரெஞ்சு, சார்டீனியப் படைகள் ஒரு பக்கம். ஆஸ்திரியப் படை மறுபக்கம். அங்கே தற்செயலாக வந்து சேர்ந்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த வணிகர் ஹென்றி டுனான்ட். அல்ஜீரியாவில் தன் தொழிலுக்கு இருந்த சிக்கலைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் முறையிடத்தான் அவர் வந்திருந்தார். வந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். பக்கத்திலிருந்த காஸ்டிலியோனே ஊரின் பெண்கள் தேவாலயங்களில் காயம்பட்டவர்களைக் கிடத்தி, எந்த நாட்டுப் படை என்று பாராமல் தண்ணீர் கொடுத்து, கட்டுப் போட்டார்கள். "எல்லோரும் சகோதரர்களே" என்று அவர்கள் சொன்னதாக டுனான்ட் எழுதினார். அவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இதை நெகிழ்ச்சியான கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். டுனான்ட் அப்படி முடிக்கவில்லை. உதவ வந்தவர்களுக்கு மனம் இருந்தது, பயிற்சி இல்லை. கைகள் இருந்தன, ஏற்பாடு இல்லை. பிழைத்திருக்க வேண்டிய பலர் அதனாலேயே இறந்தார்கள் என்பது அவர் மனதை அரித்தது. எனவே அவர் கேட்டது இதுதான்: அமைதி நிலவும் காலத்திலேயே தன்னார்வலர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்து வைத்தால் என்ன? 1863-ல் ஜெனீவாவில் அதற்கான குழு உருவாகி, செஞ்சிலுவை இயக்கமாக வளர்ந்தது. 1965-ல் அந்த இயக்கம் அறிவித்த ஏழு அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, எந்த ஆதாயத்தையும் நாடாத தன்னார்வச் சேவை. டுனான்டுக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்லிவிட வேண்டும்: தொழில் 1867-ல் நொடித்தது, பல ஆண்டுகள் வறுமையில் மறக்கப்பட்டுக் கிடந்தார். 1901-ல் அமைதிக்கான முதல் நோபல் பரிசு அவருக்கும் பிரடெரிக் பாசிக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

உதவி செய்தவர் பிழைத்துக்கொண்ட கதை

உதவுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு, என் பார்வையில், மிகத் தெளிவான சான்று ஆய்வகத்தில் இல்லை. அது 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நடந்த ஒரு சந்திப்பில் இருக்கிறது.

பில் வில்சன் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்தவர். குடியால் எல்லாவற்றையும் இழந்து, சில மாதங்களாகத்தான் குடிக்காமல் இருந்தார். தொழில் விஷயமாக ஆக்ரனுக்குப் போன இடத்தில் காரியம் கைகூடவில்லை. ஓட்டலில் தனியாக நின்றார். மதுக்கூடத்தின் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்குத் தோன்றியது விசித்திரமானது: இப்போது எனக்கு வேண்டியது ஆறுதல் சொல்லும் ஆள் அல்ல, நான் உதவக்கூடிய இன்னொரு குடிநோயாளி. அங்கிருந்த தொலைபேசியில் தேவாலயங்களை அழைத்து விசாரித்தார். பலரிடம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் பாப் ஸ்மித் என்ற மருத்துவரின் தொடர்பு கிடைத்தது. அவரும் மீள முடியாமல் தவித்துக்கொண்டிருந்த குடிநோயாளி. இருவரும் பேசியதில் இருவருமே மீண்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. மீண்டவர் இன்னொருவர் மீளத் துணை நிற்க வேண்டும், அதுவே அவர் மீண்டும் விழாமல் காக்கும் என்பது இன்றும் அதன் அடித்தளம்.

ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக உளவியலாளர் இப்படிப்பட்ட குழுக்களைக் கவனித்து 1965-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். உதவி பெறுகிறவர் குணமடைகிறாரா என்பது எப்போதும் உறுதியில்லை, ஆனால் உதவுகிறவருக்குப் பெரும்பாலும் நல்லது நடக்கிறது என்றார். காரணங்களும் எளிதாகப் புரிபவைதான். "நான் யாருக்கும் பயன்படாதவன்" என்ற எண்ணம் உடைகிறது. ஒன்றை இன்னொருவருக்குச் சொல்லித் தரும்போது அது நமக்கே இன்னும் நன்றாகப் பதிகிறது. தன் கவலையையே சுற்றிக்கொண்டிருந்த மனம் சற்று நேரம் வேறொருவர் பக்கம் திரும்புகிறது.

மூளையிலும் இதன் தடம் தெரிகிறது. ஒரேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் 19 பெண்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கொடுத்து, எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பரிசு கிடைக்கும்போது துடிப்பாகும் அதே பகுதிகள் இங்கேயும் துடிப்பாயின. வரியைப் போலக் கட்டாயமாக எடுத்துக்கொண்டபோதுகூட அப்படித்தான். ஆனால் தாமாக விரும்பிக் கொடுத்தபோது அது இன்னும் கூடுதலாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சேர்க்காவிட்டால் நேர்மையாக இருக்காது. "தொண்டு செய்கிறவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்" என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படும். உடல்நலமும் ஓய்வு நேரமும் நண்பர்களும் உள்ளவர்கள்தான் தொண்டுக்கே வருகிறார்கள் என்றும் அதைப் படிக்கலாம் அல்லவா? எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். 50 வயதைக் கடந்த அமெரிக்கர் சுமார் 13,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் வந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்கு மேல் தொண்டு செய்தவர்களிடம் இறப்பு விகிதமும் உடல் இயக்கக் குறைபாடும் குறைவு, வாழ்வில் நோக்கம் இருக்கிறது என்ற உணர்வு கூடுதல் என்று கண்டது. அதே ஆய்வில் நீரிழிவு, இதயநோய் போன்றவற்றில் வேறுபாடு தெரியவில்லை. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளின் முடிவுகளும் கலவையானவை. கனடாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வாரந்தோறும் சிறு குழந்தைகளோடு தொண்டில் ஈடுபடுத்தியபோது, இரண்டு மாதத்தில் அவர்கள் உடலின் அழற்சிக் குறியீடும் கொலஸ்ட்ராலும் குறைந்தன என்று 2013-ல் வெளியானது. கல்லூரி மாணவர்களிடம் செய்து 2016-ல் வெளியான இன்னொரு சோதனையில், மனநலத்தில் சொல்லத்தக்க மாற்றம் ஏதும் தெரியவில்லை. ஆகவே மாத்திரைக்குப் பதிலாகத் தொண்டு செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பலன் எப்போது காணாமல் போகிறது

யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களை ஆய்வாளர்கள் முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். ஏன் தொண்டு செய்கிறீர்கள் என்று 2004-ல் கேட்டார்கள். பிறருக்காகவே என்ற நோக்கத்தோடு செய்தவர்களில் அடுத்த நான்கு ஆண்டுகளில் இறந்தவர்கள் குறைவு. தன் மன ஆறுதலுக்காகவும் தன்னை உயர்த்திக்கொள்ளவும் செய்தவர்களுக்கோ, தொண்டே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. பலனை எதிர்பார்த்து அறம் செய்வதைப் புறநானூறு அறவிலை வணிகம் என்கிறது; அந்த வணிகத்தில் வணிகருக்குத்தான் நட்டம் போலிருக்கிறது.

இதற்காக, தூய நோக்கம் இல்லாதவர் பக்கத்திலேயே வரக் கூடாது என்று கதவைச் சாத்த வேண்டியதில்லை. வேலை தேட அனுபவம் வேண்டும், புது ஊரில் நண்பர்கள் வேண்டும், தனிமை தாங்கவில்லை என்று எத்தனையோ காரணங்களோடுதான் ஆட்கள் வருகிறார்கள். முதல் நாள் எதற்காக வந்தார் என்பதைவிட, வேலையில் இறங்கிய பிறகு அவர் கவனம் எங்கே போகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரே இருக்கும் ஆள்மீது போனால் நல்லது. சான்றிதழ்மீதே நின்றுவிட்டால் இரண்டு தரப்புக்கும் பயனில்லை.

கட்டாயமும் பலனைக் கெடுக்கிறது. இத்தனை மணி நேரம் தொண்டு செய்தால்தான் பட்டம் என்று விதி போட்டபோது, தாங்கள் கட்டுப்படுத்தப்படுவதாக உணர்ந்த மாணவர்களுக்குப் பிற்காலத்தில் தொண்டு செய்யும் எண்ணமே குறைந்தது என்று 1999-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாமாக விரும்பி உதவியவருக்குத்தான் மனநலம் கூடியது என்று 2010-ல் வந்த வேறொரு ஆய்வு சொன்னது. அதில் இன்னொரு செய்தியும் இருந்தது: உதவி பெற்றவருக்கும் அப்போதுதான் கூடுதல் நிறைவு. வேண்டா வெறுப்பாகச் செய்யும் உதவி, வாங்குகிறவருக்கும் தெரிந்துவிடுகிறது.

பணம் நுழைந்தால்? 2008-ல் ஸ்வீடனில் ரத்ததானம் பற்றி ஒரு சோதனை வெளியானது. பணம் எதுவும் தராதபோது பெண்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் கொடையாளராகச் சம்மதித்தார்கள். சிறு தொகை தருவதாகச் சொன்னதும் அது 30 சதவீதமாகச் சரிந்தது. அந்தத் தொகையை ஓர் அறநிறுவனத்துக்கே கொடுத்துவிடலாம் என்று வழி வைத்ததும் பழைய அளவுக்குத் திரும்பியது. ஆண்களிடம் இந்த வேறுபாடு இல்லை; ஏன் என்று எனக்கு நம்பும்படி யாரும் விளக்கியதில்லை. பயணச் செலவைத் திருப்பித் தருவது இந்தக் கணக்கில் வராது. அதை மறுக்கும் அமைப்புகள், கையில் காசு இல்லாதவர்களைத் தொண்டிலிருந்து விலக்கிவைக்கின்றன என்பதே என் கருத்து.

கடைசி நிபந்தனை, செய்தது பயன்பட்டது என்று கண்ணுக்குத் தெரிவது. ஓர் ஆய்வில், கொசுவலை வாங்குவதற்கென்றே நிதி கேட்டபோது, கொடுத்த தொகை கூடக் கூடக் கொடுத்தவர் மகிழ்ச்சியும் கூடியது. பொதுவான நிதிக்குக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாத உழைப்பு சீக்கிரம் சலித்துவிடும்.

உதவி என்ற பெயரில் கெடுதல்

இதைத் தொடக்கநிலைக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பேரிடர் நடந்த இடத்துக்குக் கேட்காமலே குவியும் பழைய துணி மூட்டைகள் சாலையை அடைத்து, பிரிக்க ஆளின்றி மக்கி, மீட்புப் பணியாளர்களுக்குப் புதுத் தலைவலி ஆகின்றன. நிவாரணத் துறையினர் இதை "இரண்டாம் பேரிடர்" என்றே அழைக்கிறார்கள்.

இன்னும் மோசமானது அனாதை இல்லச் சுற்றுலா. சில வாரம் வந்து குழந்தைகளோடு விளையாடிவிட்டுப் போகும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களால் சில நாடுகளில் அது ஒரு வருமானமாகவே மாறியது. வருமானம் வருகிறது என்பதால், பெற்றோர் உள்ள குழந்தைகளையும் கொண்டுவந்து இல்லங்களை நிரப்பினார்கள். பாசம் காட்டியவர்கள் வாரந்தோறும் மாறிக்கொண்டே இருப்பது குழந்தைகளின் மனதையும் காயப்படுத்துகிறது. 2019-ல் ஐநா பொதுச்சபையே குழந்தை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில் இந்தப் போக்கைக் குறிப்பிட்டுத் தடுக்கச் சொன்னது. போனவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு போனவர்கள்தான். "இந்த வேலையை யார் கேட்டார்கள், நான் போன பிறகு என்ன ஆகும்" என்று கேட்கத்தான் தவறினார்கள்.

நேரம் இல்லை என்கிறவருக்கு

1973-ல் பிரின்ஸ்டனில், மதகுருப் படிப்பு மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேசப் போகச் சொன்னார்கள். வழியில் ஓர் ஆள் சுருண்டு இருமிக்கொண்டிருப்பார். அது ஆய்வாளர்களின் ஏற்பாடு. மாணவர்களில் பாதிப் பேர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை. தலைப்பால் பெரிய வேறுபாடு வரவில்லை. அவசரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது: நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், கொஞ்சம் அவசரத்தில் இருந்தவர்களில் 45, மிக அவசரத்தில் இருந்தவர்களில் 10.

மனம் இல்லாததால் அல்ல, கடிகாரத்தால்தான் பெரும்பாலும் நாம் கடந்து போகிறோம். அதனால்தான் "நேரம் கிடைக்கும்போது செய்யலாம்" என்பது நடப்பதில்லை. நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைத்த இரண்டு மணி நேரம் நடக்கிறது. 2012-ல் வந்த ஓர் ஆய்வில், பிறருக்காக நேரம் செலவிட்டவர்கள், எதிர்பாராமல் ஓய்வு நேரம் கிடைத்தவர்களைவிடவும், தங்களிடம் நிறைய நேரம் இருப்பதாக உணர்ந்தார்கள். ஒரு காரியத்தைச் சாதித்த உணர்வே அப்படித் தோன்றச் செய்கிறதாம்.

வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவருக்கும் வழி உண்டு. 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்குச் சரியான வரைபடமே கைவசம் இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத் தளத்தில் தெருத் தெருவாக வரைந்து சில நாட்களிலேயே கொடுத்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்துக்கொண்டு நகரத்துக்குள் போயின. விக்கிப்பீடியாவில் கட்டுரை திருத்துவது, பார்வையற்றோருக்காகப் பாடநூலை வாசித்துப் பதிவு செய்வது எல்லாம் இந்த வகைதான்.

எப்படித் தொடங்குவது

ஏற்கெனவே கைவந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் ஒரு சிறு அமைப்பின் வரவு செலவைச் சீராக்கிக் கொடுத்தால், அது பத்துப் பேர் வந்து சுவருக்கு வண்ணம் அடிப்பதைவிடப் பெரிய உதவி. கண்ணைக் கவராத வேலைகளுக்குத்தான் எங்கும் ஆள் இல்லை: தொலைபேசி எடுப்பது, பட்டியல் தயாரிப்பது, வண்டி ஓட்டுவது, பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக் கொடுப்பது.

சேருமுன் அந்த அமைப்பிடம் கேளுங்கள். யார் எனக்குச் சொல்லித் தருவார்? சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது? நான் வராவிட்டால் என்ன நடக்கும்? குழந்தைகளோடு பணி என்றால், அவர்கள் உங்களைப் பற்றி விசாரிக்கிறார்களா என்று பாருங்கள். அடையாளச் சான்றுகூடக் கேட்காமல் நேராகக் குழந்தைகளிடம் அனுப்பும் இடம், உங்களைப் போலவே வேறு யாரையும் அப்படித்தான் உள்ளே விடும். உங்களை விசாரித்தால் கோபப்பட வேண்டாம். அது நல்ல அறிகுறி.

வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறு சோம்பல் அல்ல, அளவுக்கு மீறிய வாக்குறுதி. முதல் மாதம் எல்லா நாளும் வந்து, மூன்றாம் மாதம் காணாமல் போகிறவரைவிட, ஆண்டு முழுதும் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் வருகிறவரை வைத்துத்தான் திட்டம் போட முடியும். துயரத்தைக் கேட்கும் பணிகளில், உதாரணமாக ஹெல்ப்லைனில், கேட்டதை இறக்கிவைக்க ஒரு மூத்த தன்னார்வலர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணியை ஏற்காதீர்கள்.

முதல் சில வாரம் மந்தமாகத்தான் இருக்கும். யாரும் கண்ணீர் மல்க நன்றி சொல்ல மாட்டார்கள். சில சமயம் உதவி பெறுகிறவர் எரிந்து விழுவார். உதவி கேட்கும் நிலையில் இருப்பது யாருக்கும் சுகமானதல்ல. மூன்று மாதம் பாருங்கள். அப்போதும் அங்கே போகும் நாள் பாரமாகவே இருந்தால் வேலை உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வேறு வேலை கேளுங்கள், அல்லது விலகுங்கள். விலகுவதானால் ஒரு மாதம் முன்பே அமைப்பிடம் சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தையிடமோ முதியவரிடமோ நீங்கள் வாடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தால், வரப்போவதில்லை என்பதை அவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அடுத்து வரப்போகிறவரையும் அன்றே கூட்டிப் போய் அறிமுகம் செய்துவையுங்கள்.